பாடாத செட்டும் ஜானகி டீச்சரும்

ராயப்பேட்டையில், காரில் வைக்கும் வெளிநாட்டுப் பாட்டு செட்டைப் பிரித்து, குடலை உருவிக்கொண்டு, உள்ளூர்க் குடலை வைத்து மூடிக் கொடுத்துவிடுகிறார்களாம். மேலுக்குப் பார்த்தால் பளபளவென்று அதே செட்தானாம். விசாலாக்ஷி மாமியின் ஓர்ப்படியின் தம்பிக்கு அப்படி ஆயிற்றாம். இதை விசாலாக்ஷி மாமி கீழ்வீட்டிலிருக்கும் என் அத்தையிடம் சொல்ல, அத்தை அடையாறிலிருந்த என் அம்மாவிடம் சொல்ல, மஸ்கட்டிலிருந்து நான் டெலிபோன் செய்தபோது அம்மா என்னிடம் சொன்னாள்.

தூரத்தில் இருப்பவனுக்கு ஊருக்கு டெலிபோன் போடுவதே ஒரு பயம். மறுமுனையில் எடுத்தவர்கள் அரை நொடி தயங்கினால் போதும், யாரோ போய்விட்டார்கள் என்று தோன்றிவிடும். அன்றைக்கும் அம்மா தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட எப்படிடா சொல்றது ரங்கா. ஜானகி கார்ல நீ வாங்கிண்டு வந்து வெச்சியே, பாட்டு செட், அது போயிடுத்து."

"அவ்வளவுதானே? அத்தைக்கு ஒண்ணுமில்லையே?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. அந்த ஒயரிங் பையன் நந்தகுமார்தான் குடலை உருவிட்டான். எத்தனை கொண்டாடிண்டிருந்தா அவனை!"

யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நந்தகுமார் அப்படிப்பட்டவனா என்று ஒரு கணம் தோன்றியது. அத்தையே சொல்லிவிட்ட பிறகு வேறு யார் என்ன சொல்ல முடியும்?

ஜானகி அத்தையைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அவள் என் அப்பாவின் தங்கை. மயிலாப்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் காலமெல்லாம் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஏன் பண்ணிக்கணும்னு யாராவது சரியா ஒரு காரணம் சொல்லுங்கோ, பண்ணிக்கறேன்" என்பாள். லஸ்ஸுக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில் தரைத்தளத்தில் அவளும், வாசலில் அவளுடைய சாம்பல் நிற ஃபியட்டும். அந்தக் கட்டடத்தில் பிரசவ வலி, நெஞ்சு வலி எதுவானாலும் தட்டப்படும் முதல் கதவு அத்தையுடையது. தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு சாவியோடு வருவாள். வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "பயப்படாதேங்கோ, நான் இங்கயேதான் இருக்கேன்" என்பாள். காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள், விடியும் வரைக்கும்கூட.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. ஒரு பெண்ணின் பேனா காணாமற்போய், இன்னொருத்தி வந்து, "டீச்சர், மஹதிதான் எடுத்தா" என்று சொன்னால், அத்தை கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பார்த்தியா, கேட்டியா, நெனச்சுண்டியா?" பார்த்தேன் என்றால் எங்கே நின்று பார்த்தாய் என்பாள். கேட்டேன் என்றால் யார் வாயால் என்பாள். நினைத்துக்கொண்டேன் என்று உதட்டைக் கடித்தால், "நெனச்சுண்டதை நீயே வெச்சுக்கோ. வெளியில எடுக்காதே" என்று வகுப்புக்கு அனுப்பிவிடுவாள். அவளிடம் படித்த பெண்கள் தங்கள் குழந்தைகளின் சண்டையைத் தீர்க்க இன்றைக்கும் இதைச் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவள் ஒருவனை நல்லவன் என்றால் மயிலாப்பூரில் அதற்கு மறுபேச்சில்லை. கெட்டவன் என்று அவள் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கும் மறுபேச்சு இருக்காது என்று யாரும் யோசித்ததுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையில் அத்தைக்கென்று ஒரு முறை உண்டு. ஊரார் சந்தனம் குங்குமத்தைக் கதவிலும் பீரோவிலும் சைக்கிள் ஹேண்டில்பாரிலும் அப்பிவிட்டுப் போவார்கள். அத்தை மின்சார மீட்டருக்கும், மிக்ஸியைக் கவிழ்த்து அதன் அடிவயிற்றுக்கும், தையல் மெஷினில் ஊசி பிடித்திருக்கும் தண்டுக்கும் வைப்பாள். கேட்டால், "பொட்டுன்னா உயிர் இருக்கற எடத்துல வைக்கணும். மூடிக்கு வெச்சு என்ன பிரயோஜனம்?" என்பாள். பௌதிகமும் பக்தியும் அவளிடம் ஒரே பெட்டியில் இருந்தன.

நந்தகுமார் காசிமேட்டுக்காரன். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவனுக்குக் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. "மீன்காரன் வூட்ல பொறந்துட்டு கடலப் பாத்தா எனக்குத் தல சுத்துது டீச்சரம்மா. என்னியப் பாத்தா எங்கம்மா தேசம்மாக்குத் தல சுத்துது" என்று சிரிப்பான். புதுப்பேட்டையில் ஒருவரிடம் கார் ஒயரிங் கற்றுக்கொண்டு, ராயப்பேட்டையில் ஓர் அறையில் குடியிருந்தான். ஒரு நாள் சாந்தோம் ரோட்டில் அத்தையின் ஃபியட் நின்றுபோனபோது எங்கிருந்தோ வந்து பானட்டைத் திறந்தவன், அதன் பிறகு அவள் காரை வேறு யார் கையிலும் விட்டதில்லை.

தனியாகக் கடை போட அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. விசாலாக்ஷி மாமி அத்தைக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருப்பவள். அவளுடைய கணவரின் அண்ணா சுவாமிநாதனுக்கு ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் பழைய வீடு உண்டு. வெளிச்சுவரை ஒட்டி ஒரு பெட்டிக்கடை போடலாம். யார் யாரோ கேட்டும் சுவாமிநாதன் கொடுக்காத இடம் அது. அத்தை நேரில் போய், "இவன் நல்லவன்" என்று சொன்னாள். "ஜானகி டீச்சர் சொன்னாப் போறுமே" என்று அவர் கொடுத்துவிட்டார். அத்தையின் கட்டடத்துக் கார்களெல்லாம் அந்தச் சுவரோரம் போய் நிற்க ஆரம்பித்தன. அப்போதுதான் நந்தகுமாருக்குக் கல்யாணமும் ஆயிற்று. சைதாப்பேட்டைப் பெண், அஸ்வினி.

தொண்ணூற்றாறில் நான் லீவில் வந்தபோது அந்த செட்டைக் கொண்டுவந்தேன். அத்தை வீட்டில் பாட்டு வைக்கமாட்டாள், அடுத்த வீட்டுக்குத் தொந்தரவு என்று. சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், கடலைப் பார்க்கக் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேசட் கேட்பாள். பழைய செட் நாடாவைத் தின்றுகொண்டிருந்தது. புதியதை நந்தகுமார்தான் பொருத்தினான். டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு அவன் பேசியது நினைவிருக்கிறது.

"இன்னா சார், மஸ்கட்ல ஒட்டகத்துக்கும் செட்டு வெச்சுக் குடுப்பாங்களா?"

"வந்து நீயே வெச்சுக் குடேன்."

"அட போ சார், ஒட்டகத்துக்கு பேட்டரி எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்!"

பொருத்தி முடித்ததும் அத்தையைக் கூப்பிட்டான். ஒயரின் நடுவே விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கியது. அதைத் திருகித் திறந்து, உள்ளிருந்த கண்ணாடி ஃப்யூஸை எடுத்துக் காட்டினான். "தோ பாரு டீச்சரம்மா, இதான் இதோட உயிரு. செட்டு சத்தம் போடலன்னா மொதல்ல இத்தப் பாக்கணும்." அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் நான் இல்லாதபோது நடந்தது. அத்தையே எனக்கு ஒரு வரி விடாமல் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பின்பக்கம் ஸ்பீக்கர் வைப்பதற்காகக் காரை நந்தகுமார் கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாலையில் அவனே ஓட்டிவந்து விட்டான். செட் பாடியது. மறுநாள் பூஜை. அதன் பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்கு ஜுரம். கார் உறை போட்டபடி நின்றது. தீபாவளி கழித்து விசாலாக்ஷி மாமியோடு தி. நகருக்குப் புடவை மாற்றப் போகிறபோதுதான் செட்டைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. சத்தமில்லை. கேசட்டும் வெளியே வரவில்லை.

"கடைசியா யார் கையில இருந்தது?" என்று கேட்டாளாம் மாமி.

"நந்தகுமார்கிட்ட. ஸ்பீக்கர் வைக்க."

"நாள் பூராவா? அச்சச்சோ டீச்சர்!" என்று ஆரம்பித்துத்தான் அந்தக் குடல் கதையைச் சொல்லியிருக்கிறாள். பாண்டி பஜார் போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்துவிட்டது. அன்றிரவு முழுக்க அது அத்தைக்குள் ஓடியிருக்கிறது. எல்லாரும் கேலி செய்யும்படி அவனை நம்பினோமே என்ற அவமானம். மறுநாள் காலையில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ராயப்பேட்டைக்குப் போனாள்.

கடையில் இரண்டு டாக்ஸிக்காரர்களும் எதிர்த் தையல் கடை ஹமீதுன்னிசாவும் நின்றிருந்தார்கள்.

"வா டீச்சரம்மா, வண்டி எங்க? இன்னா சொல்து நம்ம செட்டு?" என்றானாம்.

"உள்ள இருந்ததை எடுத்துண்டு என்னத்தைடா வெச்சே?"

அவனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே, "இன்னாத்த எடுத்தேன்?" என்றான். அந்தச் சிரிப்பைத் திமிர் என்று நினைத்துக்கொண்டாள் அத்தை. குரல் ஏறிவிட்டது. வகுப்பறையில்கூட ஏறாத குரல். உன்னைப் போய் நல்லவன் என்று சொன்னேனே என்றாள். குப்பத்துப் புத்தி போகுமா என்றாள். இந்தக் கடைசி வாக்கியத்தை என்னிடம் சொல்லும்போது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நந்தகுமாரின் சிரிப்பு நின்றுவிட்டது. "வண்டியக் கொண்டா டீச்சரம்மா. உன் கண்ணு எதிர்ல பிரிச்சுக் காட்டறேன்" என்றான்.

"இன்னொரு தரம் உன் கையில குடுக்கவா?"

அவ்வளவுதான். அவள் திரும்பி வந்துவிட்டாள். அன்று மாலையே சுவாமிநாதனிடம் போய், தான் சொன்ன நல்ல வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அது தன் கடமை என்றுதான் அப்போது நினைத்திருக்கிறாள். கட்டடத்துக்காரர்கள் அந்தச் சுவர்ப்பக்கம் போவதை நிறுத்தினார்கள். டிசம்பர் முடிவதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் சுவாமிநாதன்.

அந்த வருஷமே மார்கழி பிறந்து நான் மறுபடி லீவில் வந்தேன். அத்தை வீட்டுக்குப் போனதும் கார் சாவியைக் கேட்டேன். செட்டைக் கழற்றி மஸ்கட்டுக்கே எடுத்துப்போய்க் கடைக்காரனிடம் காட்டலாம் என்று எண்ணம்.

"எதுக்குடா, உள்ள ஒண்ணும் இருக்காது" என்றாள். இருந்தாலும் கூட வந்தாள். பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு சின்ன பல்பை எடுத்து, அதற்கு இரண்டு ஒயர் முறுக்கிக் கொடுத்தாள். எங்கே மின்சாரம் வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்ப்பதற்கு.

சாவியைத் திருப்பினோம். ஹாரன் அடித்தது. வைப்பர் அசைந்தது. ஆக பேட்டரி சரி. செட்டை மட்டும் முன்னால் இழுத்தேன். பின்பக்கத்துத் திருகுகளின் மேல் கம்பெனி ஒட்டிய சீல் காகிதம் கிழியாமல் அப்படியே இருந்தது. யாரும் அதைத் திறக்கவேயில்லை. அத்தை அதைக் குனிந்து பார்த்தாள்.

கறுப்பு ஒயர் காரின் உடம்போடு சரியாகச் சேர்ந்திருந்தது. பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் பல்பை வைத்தேன். எரிந்தது. அதே ஒயர் செட்டுக்குள் நுழையும் முனையில் வைத்தேன். எரியவில்லை.

"நடுவுல அறுபட்டிருக்கு" என்றாள் அத்தை, டீச்சர் குரலில். "ரெண்டு எடத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். நடுவில் இருந்தது அந்தப் பிளாஸ்டிக் குழாய்.

நான் திருகித் திறந்தேன். கண்ணாடி ஃப்யூஸ் கையில் விழுந்தது. உள்ளே இழை அறுபடாமல் முழுசாக இருந்தது. ஆனால் அதன் ஒரு முனையில், உலோகத் தொப்பியின் மேல், வெளிறிய மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம்.

அத்தையிடம் நீட்டினேன். அவள் முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தன் விரல் வைத்த பொட்டு அவளுக்குத் தெரியாதா?

அந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாக வந்த கருவி அந்த செட். ஆகவே அதன் உயிர் எங்கே என்று தேடி, மூடியைத் திருகி, சிரத்தையாக ஒரு பொட்டு வைத்து, மூடியிருக்கிறாள். ஈரமாக இருந்தவரை என்னவோ, காய்ந்த பிறகு ஃப்யூஸுக்கும் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அது சுவர் எழுப்பிவிட்டது. மழை நாட்களில் பூஜை மறந்துபோயிற்று. மறக்காவிட்டாலும் தோன்றியிருக்காது. ஆயிரம் பேரைச் சந்தேகப்படுவோம், சுவாமிக்கு வைத்த பொட்டைச் சந்தேகப்படுவோமா?

நான் ஃப்யூஸைத் துடைத்து உள்ளே வைத்து மூடினேன். செட்டில் பச்சை விளக்கு வந்தது. உள்ளே மாட்டிக்கொண்டிருந்த கேசட், ஐப்பசியில் எங்கே நின்றதோ அங்கிருந்து, கரகரப்பிரியாவின் நடு ஆலாபனையில் வீணையை எடுத்தது. பின்னால் நந்தகுமார் வைத்த ஸ்பீக்கர்கள் துல்லியமாகப் பாடின.

"நிறுத்து" என்றாள் அத்தை.

"நன்னா இருக்கே அத்தை..."

"நிறுத்துடா."

நிறுத்தினேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், எங்கோ போகப்போகிறவள் போல. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"முப்பது வருஷம் சொல்லிக் குடுத்தேன், எது மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாதுன்னு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அது போகட்டும். அது அசட்டுத்தனம். பார்த்தியா, கேட்டியா, நெனச்சுண்டியான்னு என்னை யாருமே கேக்கலையே ரங்கா" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "நானும் கேட்டுக்கலை" என்றாள்.

முதலில் மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். விசாலாக்ஷி மாமி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு இருந்தாள். சுவாமிநாதனும் அன்று அங்கே காபிக்கு வந்திருந்தார். அத்தை உட்காராமல், நின்றபடியே, வகுப்பில் ஒப்பிக்கிற பெண்ணைப் போலச் சொன்னாள்.

"செட்டுல ஒண்ணும் இல்லை. யாரும் எதையும் எடுக்கலை. ஆயுத பூஜைக்கு ஃப்யூஸுக்கு நானே பொட்டு வெச்சிருக்கேன், அதான் கரண்ட் போகலை. தப்பு என்னோடது. நந்தகுமார் மேல எந்தத் தப்பும் இல்லை."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃப்யூஸுக்கா? அய்யோ டீச்சர், உங்களாலதான் முடியும்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னாள்: "விடுங்கோ. இதுல எடுக்கலேன்னா வேற எதுலயாவது எடுத்திருப்பான். இந்தக் கும்பலே அப்படித்தான். எங்க ஓர்ப்படி தம்பிக்கு..."

"நீ பார்த்தியா விசாலம்?"

"நான் எங்கே பார்த்தேன்? எல்லாரும்தான் சொல்றா."

"எல்லாரும்னா யாரு?"

மாமி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. "அதான்... உங்க நந்தகுமாரையும் சேர்த்துத்தான் இப்ப எல்லாரும் சொல்றா" என்றாள் மெதுவாக. அவளுக்குக் கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. கோலப்பொடி டப்பாவின் மூடியை இறுக்க மூடினாள்.

அத்தை நின்ற இடத்திலேயே ஒரு படி இறங்கினாற்போல் எனக்குத் தோன்றியது. தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருந்தாள். அது ஏற்கெனவே கைமாறிப் போய், அந்தக் கும்பலுக்கே எதிரான சாட்சியாகி இருந்தது.

சுவாமிநாதன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் மாசக் கடைசி வரைக்கும் டயம் குடுத்தேன். அவனாவே போன வாரம் காலி பண்ணிண்டு போயிட்டான்" என்றார். "அந்த எடத்தை ஜூஸ் கடைக்குன்னு ஒருத்தன் கேட்டுண்டிருக்கான். பொங்கலுக்கு அப்பறம் வரேன்னிருக்கான்."

"வாக்கு குடுத்துட்டேளா?"

"இல்லை. ஆனா..."

"அப்படின்னா நந்தகுமாருக்கே திரும்பக் குடுங்கோ."

அவர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். மரியாதை இருந்தது, ஆனால் பழைய மரியாதை இல்லை. "குடுங்கோன்னேள், குடுத்தேன். எடுங்கோன்னேள், எடுத்தேன். மறுபடியும் உங்க பேச்சை மட்டும் வெச்சுண்டு என்னால ஆட முடியாது டீச்சர். அவன் வரட்டும். பொங்கலுக்குள்ள அவனே வந்து, கடை போடறேன்னு என்கிட்ட சொல்லட்டும். குடுக்கறேன்."

அத்தை கைகூப்பினாள். அவள் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

ராயப்பேட்டைக்கு அவளே காரை ஓட்டினாள். சந்தில் சுவரோரம் வெறுமையாக இருந்தது. பெட்டிக்கடை நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெயில் படாத வெளிர் நிறத்தில், கடையின் அளவுக்கே ஒரு சதுரமாகத் தெரிந்தது. தரையில் எண்ணெய்க் கறை. ஹமீதுன்னிசா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்கதானே அந்த டீச்சரு? அன்னிக்கு வந்து சத்தம் போட்டது?"

"நான்தான்."

"இப்ப இன்னா, மிச்சம் எதுனா கீதா?"

அத்தை அவளிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். ஃப்யூஸ், பொட்டு, தப்பு என்னுடையது. சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. அன்றைக்கு எந்தக் குரலில் திட்டினாளோ அதே குரலில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள் போலும்.

ஹமீதுன்னிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரிக்கவில்லை.

"அவன் உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசல, தெரியுமா? டாக்ஸிக்காரங்க கிண்டல் பண்ணாங்கோ. இன்னாடா நந்து, எவ்ளோ குடல் உருவினேன்னு. அப்பக்கூட, அவங்க டீச்சர்பா, அவங்களுக்கு யாரோ தப்பா சொல்லிக்கீறாங்கன்னுதான் சொன்னான். அப்பறம் வண்டியே வர்ல. எத்தினி நாளு ஈ ஓட்டுவான்? எல்லாத்தையும் கட்டிக்கினு பொஞ்சாதி வூட்டுக்குப் போய்ட்டான்."

"சைதாப்பேட்டையில எங்கே?"

"தெரு தெரியாது. வூட்டுக்கு எதிர்ல மளிகக் கடைல போன் கீதாம். நம்பரு குடுத்தான், யார்னா தேடிக்கினு வந்தா சொல்லச் சொல்லி." சுண்ணாம்புக் கட்டியால் வெட்டுத்துணியின் ஓரத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். "இத்தினி நாளா யாரும் வர்ல. நீங்கதான் மொதல்ல."

மறுநாள் காலையில் அத்தை அந்த எண்ணைச் சுழற்றினாள். மளிகைக் கடைக்காரர் எடுத்தார். குரல் எனக்கும் கேட்டது.

"அஸ்வினி வூட்டுக்காரனா? எதிர்லதான். யாரு பேசறதுன்னு சொல்லட்டும்?"

இங்கே அத்தை கொஞ்சம் தயங்கினாள். வேறு பேர் சொல்லியிருக்கலாம். நான் சொல்லக்கூடச் சொன்னேன், ஏதாவது கம்பெனிப் பேரை. கையால் என்னை அடக்கிவிட்டு, "ஜானகி டீச்சர்னு சொல்லுங்கோ" என்றாள்.

ரிசீவரில் நெடுநேரம் தெருச் சத்தம் வந்தது. சைக்கிள் மணி, யாரோ பருப்பு கேட்பது. பிறகு கடைக்காரர் திரும்பி வந்தார். "அவன் பொஞ்சாதி வந்துச்சு. நாலு மணிக்குப் பண்ணச் சொல்லுச்சு."

"அவர் இருக்காரா வீட்டுல?"

"நாலு மணிக்குப் பண்ணச் சொல்லுச்சும்மா" என்று வைத்துவிட்டார்.

அன்று அத்தை சாப்பிட உட்கார்ந்து, ரசத்தோடு எழுந்துவிட்டாள். மத்தியானம் முழுக்க ஹாலில் நடந்தாள். நடக்கும்போது உதடு அசைந்தது.

"போன்லயே எல்லாம் சொல்லிடலாமே அத்தை" என்றேன்.

"போன்ல மன்னிப்பு கேக்கறது, கதவுக்குப் பின்னால நின்னுண்டு கேக்கறாப்பல. திட்டறச்ச எதிர்ல நின்னுதானே திட்டினேன்? எந்தத் தெருன்னு மட்டும் கேட்டுண்டு நேர்ல போணும். அந்தப் பொண்ணு எதிர்லயும் சொல்லணும். அவளுக்கு என்ன சொல்லி வெச்சிருப்பான், பாவம்." பிறகு, "நான் குப்பம்னு சொன்னதை அவன் அவகிட்ட சொல்லியிருப்பானோ?" என்று கேட்டாள்.

"வருவானாடா?" என்றாள் மறுபடி. "சுவாமிநாதன்கிட்ட அவனே வந்து கேக்கணும்கறார். நான் போய் இழுத்துண்டா வர முடியும்? என்னை நம்பி ஒரு தரம் வந்தான். இன்னொரு தரம் எதுக்கு வரணும்?"

நாலடிக்கும்போது டெலிபோனுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், யாரோ பார்க்கப்போகிறார்கள் என்பது போல. துணித்துண்டிலிருந்த சுண்ணாம்பு எழுத்து அதற்குள் பாதி உதிர்ந்திருந்தது. அவளுக்கு எண் மனப்பாடமாகியிருந்தது.

சுழற்றினாள். லைன் கிடைத்தது. மணி அடித்தது.

கடை சாத்தும் நேரமில்லை. காலையில் இரண்டாவது மணிக்கே எடுத்த ஆள். இப்போது மணி அடித்துக்கொண்டே போயிற்று. ரிசீவருக்கு வெளியிலும் அது சன்னமாகக் கேட்டது. அந்தப் பக்கத்தில் கடைக்காரர் எங்கேயாவது போயிருக்கலாம். அல்லது கல்லாவின் மேல் அலறுகிற கறுப்பு டெலிபோனை, கை கட்டி நின்றபடி, கணவனும் மனைவியுமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"வெச்சுடுங்கோ அத்தை, அப்பறம் பண்ணலாம்."

அவள் தலையை ஆட்டினாள். காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள். தானாக அறுந்துபோனதும் மறுபடி சுழற்றினாள். மணி அடிக்கத் தொடங்கியது. எடுத்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு, உதட்டைப் பாதி திறந்தபடி அவள் காத்திருந்தாள்.